கோல்கம்பத்தருகே நடந்த பயிற்சி

ஏழுமலையின் கணுக்காலை நான் வேண்டுமென்றே உடைத்தேன். எண்பதுகளில், ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். வேலை ஒருவருக்குத்தான். நான் தடுப்பாட்டக்காரன், அவன் கோல் அடிப்பவன்.

"உனக்குக் கெடச்சா டீ வாங்கிக் குடு மச்சான்" என்று சிரித்தபடிதான் மைதானத்தில் இறங்கினான். பந்து எங்களைக் கடந்ததும் நடுவர் அதன் பின்னால் திரும்பினார். அந்த நொடியில் மிதித்தேன். வேலை எனக்குக் கிடைத்தது.

தொண்ணூறுகளில் அதே அணிக்குப் பயிற்சியாளரானேன். கோவில்பதாகையில் சைக்கிள் கடை வைத்திருந்த அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உதவிப் பயிற்சியாளராக வரும்படி கெஞ்சினேன். "சரி சார், வர்றேன்" என்றான்.

விந்தி விந்தி நடந்து வருவான். தடுப்பாட்டக்காரர்களை மட்டும் தூரத்துக் கோல்கம்பத்தருகே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுப்பான். நான் அருகே போனால் பேச்சை நிறுத்திவிடுவான்.

முதல் போட்டியில், நடுவர் திரும்பிய நொடியில், எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் எதிரணிக்காரனின் கணுக்காலை மிதித்தான். மிதிபட்டவன் அலறி விழுந்தான். நான் ஏழுமலையைப் பார்த்தேன்.

"இன்னா சார் அப்டி பாக்குறீங்க? உங்ககிட்ட கத்துக்கினதுதான்" என்றான் அமைதியாக.

அவனை நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாளும் அவர்களைக் கோல்கம்பத்தருகே கூட்டிப்போனான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.