வெறுங்காலில் ஆடிய ஐரிஷ் நடனம்

போன சனிக்கிழமை மெல்பனில் ஒரு கடைத்தொகுதிக்குள் ஐரிஷ் நடனம் நடந்தது. சுருள்முடி டோப்பா வைத்த சிறுமிகள், பலகை மேடை, டக டகவென்று கட்டைச் சப்பாத்துச் சத்தம். வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். சிரிக்காதீர்கள், எழுபதுகளில் நானும் இந்த ஆட்டம் ஆடியவள்.

அப்போது நான் தாதி. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தேன். பக்கத்து அறையில் நோரா. அயர்லாந்துக்காரி, என் வயது, ஒரே வார்டில் வேலை. அவளுடைய ஆங்கிலம் என் நினைவில் எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்துவிட்டது. அப்படியே சொல்கிறேன்.

நாலு பேர் ஆடும் குழு ஒன்றில் நோராவும் இருந்தாள். ஐரிஷ்காரர்கள் கூடும் தேவாலய மண்டபத்து விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது படியில் தடுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். ஓர் ஆள் குறைந்தால் ஆட்டத்தையே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

"நீ பரதம் பழகினனி தானே. வா," என்றாள். என்ன துணிச்சலில் ஓம் என்றேனோ.

விடுதியில் உடுப்புத் தோய்க்கும் அறைதான் எங்கள் அரங்கம். அந்தச் சவர்க்கார வாசனை பட்டால் இன்றைக்கும் என் கால் எண்ணத் தொடங்கிவிடும். ஐரிஷ் ஆட்டத்தில் பல வகை உண்டென்று அங்கேதான் அறிந்தேன். மென்சப்பாத்து ஆட்டம் துள்ளிப் பறப்பது. கட்டைச் சப்பாத்து ஆட்டத்தில் காலே மேளம். இரண்டிலும் கை விலாவோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரைக் கிராமங்களின் பழைய ஆட்டம் மட்டும் வேறு. தரையை விட்டு அதிகம் எழும்பாமல், கையைத் தன்பாட்டில் விட்டு ஆடுவது. எங்களுடையது கட்டைச் சப்பாத்து. தாளம் எனக்கு இரண்டு நாளில் பிடிபட்டது. கைதான் அடங்கவில்லை. முத்திரை பிடித்துக்கொண்டு கிளம்பும், கண்ணும் பின்னாலேயே போகும்.

"ஆரைத் தேடுறாய்?" என்று கேட்டு, ஏப்ரன் நாடாவால் என் கைகளை இடுப்போடு கட்டிவிட்டாள் நோரா.

விழா நாள். நோராவின் சப்பாத்தை இரவல் வாங்கி, முன்னுக்குப் பஞ்சு அடைத்துப் போட்டிருந்தேன். எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். படியடியில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். பத்து வருடப் பரதப் பழக்கம், மூளையைக் கேட்காமலே நடந்துவிட்டது. வயலின் தொடங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். மூன்று சோடிச் சப்பாத்துக்கு நடுவில் என் இரண்டு வெறுங்கால்.

முன்வரிசையில் கட்டுப்போட்ட காலோடு நோரா. அவளுடைய மானத்தை வாங்கிவிட்டேனே! வேறு வழியில்லாமல் உள்ளங்கால் முழுவதாலும் பலகையை அறைந்தேன். தட்டித் தட்டி உரமேறிய கால், சத்தம் எழும்பியது.

"கையை விடு!" என்று கத்தினாள் நோரா.

எனக்கு விளங்கிவிட்டது, அந்தப் பழைய ஆட்டம்! கையை விட்டேன். மற்ற மூவரும் சப்பாத்தால் தாளம் பிடிக்க, நான் நடுவில் ஆடினேன். மேற்குக் கரைக் கிழவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இறங்கி வந்தபோது நோரா அழுதுகொண்டே சிரித்தாள்.

"சப்பாத்தை விட்டிட்டாய், தாளத்தை விடேல்லை."

இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு எவரும் தந்ததில்லை. பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

அந்த மண்டபத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நோராவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைத்தொகுதியில் என்னைத் தேடி வந்த மகள், "அம்மா, ஷூஸ் எங்க?" என்றாள். பார்த்தால், வாழைப்பழப் பைக்குப் பக்கத்தில் ஒழுங்காகக் கழற்றி வைத்திருக்கிறேன். கால் இரண்டும் ஆயத்தம். முன்வரிசையிலிருந்து கத்தத்தான் ஆளில்லை.