சரிந்த கோபுரமும் எரிந்த கோபுரமும்

நான் வயதுக்கு வந்ததும் எனக்குச் சாமத்தியச் சடங்கு செய்வதென்று முடிவானபோது அம்மா ஒரு நிபந்தனை போட்டார். தன்னுடைய அண்ணனும் தம்பியும் ஒன்றாக வந்து நின்று தேங்காய் உடைத்தால்தான் சடங்கு, இல்லாவிட்டால் இல்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வில் என்ற நகரத்துத் தமிழ்ப் பெட்டைகள் எல்லோரையும் போல நானும் சேலை கட்டி, வீடியோக்காரர் சொன்னபடி தலை சாய்த்து நிற்பதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. ஒருவராவது வராமல் விடட்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். பிள்ளையார் அம்மாவின் பக்கம். இரண்டு பேருமே வந்துவிட்டார்கள்.

பெரியமாமா ஹொலண்டின் வடக்கே குரோனிங்கனில் இருந்தார், சின்னமாமா பக்கத்து நகரமான லேவார்டனில். ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. காரணம் கேட்டால் அம்மாவுக்குக் குசினியில் அவசர வேலை வந்துவிடும். இவர்களுக்குக் கீழே இன்னொரு மாமாவும் எனக்கு இருந்தார். அவரைச் சுவரில் மாலையோடுதான் தெரியும்.

சடங்குக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இருவரும் மேசையின் இரண்டு அந்தத்தில் இருந்தார்கள். நான் அவர்கள் தந்த பரிசுகளைப் பிரித்தேன். இரண்டிலும் சின்ன உலோகக் கோபுரம். ஆளுக்காள் தெரியாமல் தங்கள் தங்கள் ஊர்க் கோபுரத்தை வாங்கி வந்திருந்தார்கள். பெரியமாமாவுடையது நெடுநெடுவென்று நின்றது. சின்னமாமாவுடையது மொட்டையாக, ஒரு பக்கம் சரிந்து நின்றது.

"இது உடைஞ்சு போச்சோ?" என்று கேட்டேன்.

பெரியமாமா என்னைப் பார்த்தே சொன்னார். "உடையேல்லை பிள்ளை. எங்கடை கோபுரத்தை விட உயரமாக் கட்டோணும் எண்டு அந்த ஊராக்கள் வெளிக்கிட்டவையாம். பொறு எண்டு சொன்னால் கேக்கோணும். நிலம் தாங்குமோ எண்டு பாக்காமல் அவசரப்பட்டால் சரியத்தானே செய்யும்."

சின்னமாமாவும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். "இவையின்ரை கோபுரத்திலை ஒரு கொண்டாட்டத்துக்கு நெருப்பு மூட்ட, உச்சியே எரிஞ்சு போச்சாம். கண்ணுக்கு முன்னாலை எரியேக்கையும் பொறு பொறு எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருப்பினம்."

"எரிஞ்சதைத் திருப்பிக் கட்டலாம். சரிஞ்சு போனதை ஆர் நிமித்துறது?" பெரியமாமாவின் குரல் உடைந்தது. சின்னமாமா புட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

அட கடவுளே, யாரோ வெள்ளைக்காரர் கட்டிய கல்லுக்கு இவ்வளவு ரோசமா! எனக்குப் பயம் பிடித்தது. குசினிக்குள் ஓடிப்போய், மாமாக்கள் கோபுரத்துக்காகச் சண்டை பிடிக்கிறார்கள், வந்து நிறுத்துங்கோ என்றேன். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"விடு பிள்ளை," என்றார். "கதைக்கட்டும்."

மறுநாள் தேங்காய் உடைக்க வேண்டியவர் மூத்தவரான பெரியமாமா. அவர் கத்தியைத் தம்பியிடம் நீட்டினார். "நீ உடை. அவசரமில்லை. ஆறுதலா உடை." அந்த வீட்டில் அவர் தம்பியின் முகம் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சின்னமாமா அண்ணனின் முகத்தைப் பார்த்தபடியே வெட்டினார். தேங்காய் கோணலாகப் பிளந்தது. என்னுடைய சடங்கே பிழையாய்ப் போய்விட்டதென்று எனக்கு ஒரே ஆத்திரம்.

பல வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னார். போர்க்காலத்தில் ஊர் செல் குண்டடியில் எரிந்தபோது, அங்கே இருந்த கடைசித் தம்பியை நல்ல வழி பார்த்து வெளிநாட்டுக்குக் கூப்பிடுவோம், பொறு என்றாராம் பெரியமாமா. பொறுக்க முடியாத சின்னமாமா ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி அவரை வெளிக்கிடச் சொன்னாராம். வெளிக்கிட்டவர் எந்த ஊருக்கும் வந்து சேரவில்லை.

சடங்கு வீடியோவை இப்போதும் போட்டுப் பார்ப்பேன். அதில் சேலை கட்டிய ஒரு பெட்டை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேங்காய்ப் பாதிகளையே முறைத்துப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் பெரியமாமா, தம்பியின் முதுகில் வைத்த கையைக் கடைசிவரை எடுக்கவே இல்லை.