மிளகு மூட்டைக்கு ஒரு சாஃப்ட்வேர்

சாஃப்ட்வேர் தொழிலில் வேலை கொஞ்சம்தான். வேலையைச் சுலபமாக்கும் கருவிகளைத் தேடி அலைவதுதான் அதிகம். புது எடிட்டர், புது ஷார்ட்கட், நேரத்தை மிச்சப்படுத்தும் புது வழி என்று நேரம் போவதே தெரியாது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதே வியாதி இருக்கும். வெட்கப்பட வேண்டாம், நாமெல்லாம் ஒரே வார்டுதான்.

நான் கொச்சியில் மட்டாஞ்சேரிக்காரன். பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஹசன் இக்காவின் கிடங்கில், எந்த மூட்டை எந்த வரிசையில் கிடக்கிறது என்று சொல்வது நான் எழுதிய புரோகிராம். இக்காவின் பூர்வீகம் கம்பம். ஊரோடு மலையாளம் பேசுவார், என்னோடு தமிழ். சந்தோஷமாக இருந்தால் ‘தம்பி’ என்பார், கோபம் வந்தால் ‘எடோ’. எனக்கு நிரந்தர வாடிக்கையாளர் என்று இருப்பது இவர் ஒருவர்தான்.

இந்த வருடம் இடப்பள்ளியிலிருந்து, கண்ணாடிக் கதவு வைத்த ஒரு கம்பெனி, ரெடிமேட் சாஃப்ட்வேரோடு அவரைச் சுற்றி வர ஆரம்பித்தது. “புது மிளகு இறங்கறப்போ முடிவு சொல்றேன்” என்று இக்கா இரண்டு தரப்பிடமும் சொல்லிவிட்டார். அவர் கைவிட்டால், தலை நரைத்த வயதில் காக்கநாட்டு ஐ.டி. கம்பெனிகளுக்குப் போய்க் கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பயந்தவன் புரோகிராமில் உள்ள கோளாறுகளைத்தானே சரிசெய்ய வேண்டும்? நான் கருவிகளைத் தேடக் கிளம்பினேன்.

கண்ணுக்கு நல்லது

கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் தெரிந்தால் கண்ணுக்கு நல்லது என்று எங்கோ படித்தேன். நான் புரோகிராம் எழுதுகிற எடிட்டர் ஏற்கெனவே கறுப்பு. இக்காவின் புரோகிராமையும் கறுப்பாக்கிவிட்டால் இடப்பள்ளிக்காரர்கள் அசந்துபோவார்கள் என்று தோன்றியது. ஒரு வாரம் உட்கார்ந்து எந்தக் கறுப்பு நல்ல கறுப்பு என்று ஆராய்ந்தேன்.

கிடங்கில் கம்ப்யூட்டர் இருப்பது வாசலை ஒட்டி. காயல் பக்கத்து வெயில் நேராகத் திரையில் விழும். போதாததற்கு அதன்மேல் எப்போதும் சுக்குத் தூசி. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற ஷீஜா, மறுநாள் காலை திரைமுன் உட்கார்ந்து அதையே உற்றுப் பார்த்தாள். பாராட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“பொட்டு நேரா இருக்கான்னு நல்லாத் தெரியுது சாரே. இனி ஸ்டாக்கு எவிடே பார்க்கணும்?”

எங்கள் குழு

திரும்பத் திரும்ப அடிக்கிற வாக்கியங்களைச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பது அடுத்த உபதேசம். போனில் ‘ஓகே’ என்று அடித்தால், “தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எங்கள் குழு விரைவில் தங்களைத் தொடர்புகொள்ளும்” என்று முழு வாக்கியமும் தானாக வந்து விழும்படி செய்தேன். குழு என்றால் நான்தான். ஆனால் இக்காவுக்கு அது கம்பெனி மாதிரி இருக்குமே.

அன்று மத்தியானம் என் மனைவி மாலதி செய்தி அனுப்பினாள். அவளுடைய அம்மா பாலக்காட்டிலிருந்து ரயிலில் வருகிறார், முழங்கால் வலி, ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வர வேண்டும். நான் ஏலக்காய் மூட்டைகளின் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பார்க்காமலே ‘ஓகே’ என்று அடித்து அனுப்பினேன். மாமியார் வருவது புகாராகப் பதிவாகிவிட்டது என்பது பதில் வந்த பிறகுதான் தெரிந்தது:

“குழுவை அனுப்ப வேண்டாம். நீங்களே போங்கோ.”

மவுஸ் வேண்டாம்

நல்ல புரோகிராமர் மவுஸைத் தொடமாட்டான் என்று நம்மவர்களிடையே ஒரு மூடநம்பிக்கை உண்டு. அதை நான் ஷீஜாவுக்கும் தொற்றவைக்கப் பார்த்தேன். பழக்கம் வரவேண்டுமே என்று அவளுடைய மவுஸைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். “எல்லாம் கீபோர்டிலேயே செய்யலாம், பாரு” என்று இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். திரை முழுக்கத் தலைகீழாகப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து இக்கா போனோடு வந்தார். அந்தப் பக்கம் ஒரு பெரிய வியாபாரி; ஏலக்காய் எவ்வளவு இருக்கிறது என்று உடனே தெரிய வேண்டுமாம். எந்த விசைகளை அழுத்தினேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. நானும் ஷீஜாவும் கழுத்தை ஒடித்துத் தலையைச் சாய்த்து எண்ணைப் படிக்கப் பார்த்தோம். வியாபாரி பொறுமையிழந்து போனை வைத்துவிட்டார். இக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“எடோ, இடப்பள்ளிக்காரன் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டுறான். நீ என்னன்னா என் ஸ்டாஃபோட கழுத்தைத் திருப்புறே.”

பொம்மையிடம் ஆலோசனை

கோளாறு பிடிபடாவிட்டால் ஏதாவது ஒரு பொம்மையை முன்னால் வைத்து, அதற்குப் புரோகிராமை வரிவரியாக விளக்க வேண்டும்; சொல்லும்போதே தப்பு தெரிந்துவிடும். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் ரப்பர் வாத்து வைத்துக்கொள்வார்களாம். எனக்கு வாய்த்தது, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற பிளாஸ்டிக் கதகளித் தலை.

ஏலக்காய்க் கணக்கு அப்போதும் ஒத்துவரவில்லை. விசாரிக்க இக்காவே வீட்டுக்கு வந்துவிட்டார். மாலதி என் மானத்தைக் காப்பாற்ற, “மீட்டிங்கில் இருக்கார்” என்று சொல்லி அவரை உள்ளே உட்காரவைத்துச் சாயா கொடுத்திருக்கிறாள். என் அறைக் கதவு திறந்தே இருந்தது. “பத்தாவது வரிசையில் வைத்த மூட்டை விற்காமலே எப்படிக் காணாமல் போகும்? சொல்லு பார்ப்போம்” என்று நான் கதகளித் தலையிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததை அவர் முழுசாகக் கேட்டார். சாயாவைக் குடித்து முடித்து, வாசல்வரை வந்து நின்றார்.

“அது பதில் சொன்னா என்னையும் கூப்பிடு. மூட்டை எங்கன்னு எனக்கும் தெரியணும்.”

பொம்மை உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். இக்கா போன கையோடு, வரிசை மாற்றி வைத்த மூட்டையை விற்றதாகக் கழித்துக்கொண்டிருந்த வரி அகப்பட்டது.

பச்சை டிக்

விருச்சிக மாதத்தில், அதாவது கார்த்திகையில், எங்கள் பக்கம் வேலியேற்றம் வரும். கடல் ஏறும், காயல் தண்ணீர் சாக்கடை வழியாகக் கடைக்குள் புகும். இக்காவின் மூட்டைகள் எப்போதும் பலகைமேல்தான் இருக்கும். கம்ப்யூட்டர் பெட்டி தரையில் இருந்தது. இடுக்கியிலிருந்து புது மிளகு வந்து இறங்கவேண்டிய அன்று காலையில் அது உப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

நான் பதறவில்லை. தினமும் சாயங்காலம் தானாக பேக்கப் எடுத்து, என் போனுக்குப் பச்சை டிக் அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், வைத்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்தேன். நாளுக்கு ஒரு ஃபோல்டர், தேதிவாரியாக, அழகாக. முதல் ஃபோல்டர் காலி. அடுத்ததும் காலி. வரிசையாக அத்தனையும் காலி. ஃபோல்டர்களுக்கு ஒழுங்கான பெயர் வையுங்கள் என்று எவனோ எழுதியதைப் படித்து, மூல ஃபோல்டரின் பெயரை நான் மாற்றியிருந்தேன். அதை ஸ்கிரிப்டுக்குச் சொல்லவில்லை. அதுவும் விசுவாசமாக ஒன்றுமில்லாததைத் தினமும் நகலெடுத்து, பச்சை டிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருநாள்கூட நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. இக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

காப்பாற்றியது இன்னொரு தப்பு. வாடிக்கையாளரின் உண்மையான தகவலைச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். சோம்பேறித்தனத்தால் நான் இக்காவின் தகவல் முழுவதையும் என் லேப்டாப்பில் அள்ளிப் போட்டுத்தான் கோளாறு தேடிக்கொண்டிருந்தேன். அது போன வாரத்து நகல். அதன் பிறகு மாறியதையெல்லாம், முழங்கால்வரை துணியைத் தூக்கிக்கொண்டு ஷீஜா மூட்டைச் சீட்டுகளைப் படிக்கப் படிக்க, நான் லேப்டாப்பில் ஏற்றினேன்.

அதற்குள் இடப்பள்ளி கம்பெனி ஆளும் வந்துவிட்டார், ஷூவைக் கையில் பிடித்தபடி. “எங்கள் சாஃப்ட்வேரில் இப்படி நடக்கவே நடக்காது” என்று தண்ணீரில் நின்றே இக்காவிடம் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். இக்கா அவருக்கும் ஒரு சாயா வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அவன் என்ன தப்புப் பண்ணுவான்னு எனக்குத் தெரியாது தம்பி. நீ பண்றதெல்லாம் எனக்கு அத்துப்படி. மிளகு லாரி தோப்பும்படி பாலம் தாண்டிருச்சு, எழுந்து வேலையைப் பாரு.”

இத்தனை வருடத் தொழிலில் வாடிக்கையாளர் என்னை எதற்காக வைத்திருக்கிறார் என்பது ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. விளம்பரத்தில் போட முடியாது என்பது ஒன்றுதான் குறை.