மொச்சை பனி குடித்த மாதம்

போன வாரம் கிள்ளானில் ஒரு மளிகைக் கடையில் உறைய வைத்த மொச்சைப் பொட்டலம் கண்ணில் பட்டது. வாங்கி வந்து, பிரித்து, மோந்து பார்த்தேன். ஐஸ் பெட்டி வாசனைதான் வந்தது. என் மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

உங்களுக்குச் சொன்னால் புரியும். தொண்ணூறுகளில், மாணவர் பரிமாற்றத்தில் மலேசியாவிலிருந்து ஓராண்டு மைசூருக்குப் படிக்கப் போயிருந்தேன். நான் பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். எங்கே திரும்பினாலும் ஒரே மரம், வரிசை வரிசையாக. ஒரு நிலம் முளைத்து, முற்றி, வெறுமையாவதை அதுவரை பார்த்ததே இல்லை.

தங்கியது வகுப்புத் தோழி சுமதியின் வீட்டில், மைசூரிலேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பம். அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அண்ணன் ரவி தொலைபேசி அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயி. ஊருக்கு வெளியே அவர்கள் மாமாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. ராகி, நடுநடுவே மொச்சை. மூவரும் சைக்கிளில் போவோம். முதல்முறை களையெடுக்க இறங்கி நான் பிடுங்கிப் போட்டதில் பாதி ராகிப் பயிர். ரவி அவற்றைப் பொறுக்கி ஈரமண்ணில் திரும்ப ஊன்றினான். சுமதிதான் வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவனை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. கூப்பிடாமலே சமாளித்தேன்.

ராகிக் கதிர் முதலில் விரல் விரித்த மாதிரி நிற்கும். முற்ற முற்ற உள்நோக்கி மடங்கிக்கொள்ளும். அறுப்பு முடிந்த பிறகும் மொச்சை மட்டும் தாளுக்கு நடுவே நின்றது. மார்கழிப் பனி இறங்க இறங்க அந்தக் காயில் ஒரு வாசனை ஏறும். பறித்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாசனைக்கென்றே கன்னடத்தில் ஒரு பெயர் உண்டு: சொகடு.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு காய் பறித்துக்கொண்டிருந்தோம். சுமதி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். ரவி செடியைப் பார்த்தபடியே பேசினான்.

"மாமாகிட்ட கேட்டு இந்த நிலத்த நானே பாத்துக்கலாம்னு இருக்கேன். நீங்க... இங்கயே இருந்துடறீங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா போன பிறகு தனியாக ரப்பர்ப் பால்மரம் சீவிக்கொண்டு எனக்காகக் காத்திருந்த அப்பாவின் முகம்தான் முன்னால் வந்தது.

"அப்பா தனியா இருக்காருங்க," என்றேன்.

தலையாட்டிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தான். நான் கிளம்பிய அன்று ரயிலடிக்கு வந்து பெட்டியைத் தூக்கி வைத்தான். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

அப்பாவுக்காகத் திரும்பி வந்த தோட்டம் சில ஆண்டுகளில் வீடுகளாகிவிட்டது. அப்பாவும் இல்லை. ரவி கல்யாணமாகி பெங்களூரோடு போய்விட்டான். சுமதியுடன் மட்டும் போனில் பேச்சு விடவில்லை. தோழியைக் கன்னடத்தில் 'கணே' என்று கூப்பிடும் பழக்கமும் அவளை விடவில்லை. நேற்று அந்த நிலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அது லேஅவுட் ஆகி, மனை போட்டு வீடு கட்டி எத்தனையோ வருஷமாச்சு கணே. எங்க இருந்துச்சுன்னு எங்களுக்கே தெரியல. அண்ணன்கூட போன மாசம் வந்து தெருத்தெருவா தேடிட்டுப் போச்சு."

எதற்குத் தேடினான் என்று நான் கேட்கவில்லை.