பட்டை ஈரமான ஞாயிறு

ஒட்டுப்பால் பந்தின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். ரப்பர் மரத்தில் கத்தி ஓடிய கோட்டிலே காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலை நூல் நூலாக உரித்து, அதைச் சுற்றிச் சுற்றி உருட்டினால் ஒரு வாரத்தில் கைக்கு அடங்கிய பந்து ஒன்று கிடைத்துவிடும். செத்த எலியையும் புளித்த மோரையும் ஒன்றாக மூடி வைத்ததுபோல் நாறும்; ஆனால் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் எங்கள் லயத்து வரிசைவீட்டுத் தகரக் கூரைக்கு மேலே எழும்பும். அந்தப் பந்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய பிள்ளை நான். "இது பொம்பளப் புள்ளையா, இல்ல பால் ஸ்டோருல காயப்போட்ட சீட்டா, இந்த நாத்தம் நாறுது" என்று அம்மா மூக்கைச் சுளிப்பார். அம்மாவின் கையும் அண்ணனின் கையும் அதே வாசம்தான் அடிக்கும் என்பது அவருக்கு ஞாபகம் வராது.

நிவித்திகலைக்கு மேலே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் கீழ் டிவிசனில் நாங்கள் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பதினொரு வயது. அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும், என்னைவிட ஏழு வயது மூத்த சந்திரன் அண்ணனும் பால் வெட்டினார்கள். ஒருநாள் வேலைக்குச் சம்பளக் கணக்கில் ஒரு "பேரு" விழும். மாதத்தில் எத்தனை பேரு விழுந்தது என்பதுதான் எங்கள் லயத்தின் பஞ்சாங்கம். மற்றவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. எனக்கோ அந்த வருடம் வயிறு, பள்ளிக்கூடம், தீபாவளிச் சட்டை எல்லாமே இரண்டாம்பட்சமாகிப்போயிருந்தன. எனக்கு இருந்ததெல்லாம் கீழ் டிவிசன் எல்லே அணி ஒன்றுதான்.

எல்லே என்றால் இந்த நாட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்; தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கையில் ஒரு மூங்கில் கம்பு, எதிரே வருவது ஒரு டென்னிஸ் பந்து. மூன்று பந்துக்குள் அடித்துவிட்டு ஓடவேண்டும். வழியில் நிற்க இடங்கள் உண்டு. அவற்றுக்கு இடையில் ஓடும்போது எதிரணிக்காரன் பந்தால் உடம்பில் எறிந்துவிட்டால் ஆள் அவுட். எல்லா இடத்தையும் சுற்றி வந்தால் ஒரு "ரவுண்டு". எங்கள் பக்கத்து ஆட்டத்தில் பந்து போடுகிறவரும் அடிக்கிறவருடைய அணிக்காரர்தான். ஆகவே நல்ல அடிகாரனைவிட நல்ல போடுகாரன் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். எங்கள் அணிக்குப் பந்து போட்டது சந்திரன் அண்ணன். நெஞ்சு உயரத்தில், அவசரமே இல்லாமல், அடிக்கிறவன் விரும்பிய இடத்தில் அந்தப் பந்து வந்து நிற்கும். அணித் தலைவர் சுனில் தோட்டத்துக்கு வெளியே நாட்டுப்பக்கத்துச் சிங்களவர், தோட்டத்து லொறியில் கிளீனர். "சந்திரன் மல்லி போட்டா நான் ஆஸ் ரெண்டையும் மூடிக்கிட்டு அடிப்பேன்" என்று கண்களை மூடியே காட்டுவார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, சுற்றுவட்டாரத்து இளைஞர் சங்கங்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் போட்டி வைத்தார்கள். எங்கள் அணியைப்போல் மானத்தை ஏற்றி இறக்கிய அணி வேறு எதுவும் இல்லை. முதல் ஞாயிறு பெரிய ஊர்க்காரர்களைப் புரட்டி எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு பெயர் தெரியாத ஒரு பள்ளிக்கூடப் பையன்களிடம் ஒரு ரவுண்டுகூட எடுக்காமல் தோற்று, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பிறகு ஒரு வெற்றி. அதற்குப் பிறகு சொல்லவே வெட்கமான ஒரு தோல்வி. தோற்ற நாளில் நான் சாப்பிடமாட்டேன். "அவனுக தோத்தா சோத்துப்பானை என்னாடி செஞ்சுச்சு" என்று அம்மா திட்டுவார். அண்ணன் தன் தட்டில் இருந்த கருவாட்டுத் துண்டை என் தட்டுக்குத் தள்ளிவிடுவார்.

ஏன் இப்படி என்று லயமே மண்டையைக் குழப்பிக்கொண்டது. கண்ணேறு என்றார்கள், கம்பு சரியில்லை என்றார்கள். கண்டுபிடித்தது நான். விடியற்காலையில் மழை பெய்த ஞாயிறுகளில் ஜெயித்தோம்; வெயில் அடித்த ஞாயிறுகளில் தோற்றோம். இதில் மாயம் ஒன்றுமில்லை. மழையில் கெட்ட நாட்களை ஈடுகட்ட அந்தப் பருவத்தில் ஞாயிறும் வெட்டு வைத்தார்கள். காய்ந்த நாளில் எங்கள் ஆட்கள் விடியலில் கத்தியோடு மலையேறி, முந்நூறு மரம் வெட்டி, சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் பிளேன்டீயோடு மூன்று மைல் ஓடி மைதானத்தில் போய் நிற்பார்கள். கத்தி பிடித்த மணிக்கட்டு அண்ணனுக்கு அப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கும். மழை பெய்தாலோ வெட்டு இல்லை. படுத்தெழும்பி, குளித்து, தலைவாரிக்கொண்டு போய் ஜெயித்துவிட்டு வருவார்கள்.

இந்த உண்மையை நான் யாரிடமும் சொல்லவில்லை. பால் வெட்டுகிற வீட்டில் மழை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட முடியுமா? மனதுக்குள் மட்டும் வேண்டிக்கொள்வேன். மாரியம்மனுக்கு என் வேண்டுதல் ஒரு உத்தரவுபோலவே இருக்கும்: நாலு மணிக்குப் பெய்ய ஆரம்பிக்கணும், பத்து மணிக்கு விட்டுடணும், மைதானம் சகதியாகக் கூடாது.

அரையிறுதிக்கு வந்தோம். சனிக்கிழமை சாயந்தரம் அடுப்படியில் அம்மா அண்ணனிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. "இந்த மாசம் பேரு பத்தல தம்பி. நாளைக்கு வெட்டு இருந்தாச் சமாளிச்சுக்கிருவேன். நாளைக்கும் இல்லேன்னா, திங்கக்கெழம கொழும்புக்காரர் வரும்போது ஒன்னைய அனுப்பி வைக்கிறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல." கொழும்புக்காரர் என்பது கடைகளுக்குத் தோட்டத்துப் பையன்களைக் கூட்டிப்போகும் ஆள். அண்ணன் "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அம்மா மாதாமாதம் சொல்வதுதானே என்று நானும் என் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். தெரியாத பிள்ளை செய்த தவறு என்று இதை வாசிப்பவர்கள் என்னை மன்னித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரியும்.

ஞாயிறு விடிந்தபோது மழை இல்லை. முன்னிரவில் ஒரு தூறல் போட்டதோடு சரி. மூடுபனி கலைந்து வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வெட்டு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது முத்துக் கங்காணியின் உள்ளங்கை. விடியலில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்ற மூன்று ரப்பர் மரங்களைத் தடவிப் பார்ப்பார். பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் பரவி வீணாகிவிடும். அவர் "ஈரம்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பீலிக்குத் தண்ணீருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு இறங்கினேன். மூன்று மரத்துக்கும் எனக்கு எட்டிய உயரம் வரை தண்ணீரை அடித்து, கையால் மேலே மேலே தேய்த்துவிட்டேன். இரண்டாவது குடம் கொண்டுவந்தும் ஊற்றினேன். பயமே இருக்கவில்லை. எங்கள் அணிக்கு நானும் ஒரு ஆட்டம் ஆடியதாகத்தான் நினைத்தேன்.

பிரட்டுக்கு ஆட்கள் கூடினார்கள். கங்காணி முதல் மரத்தைத் தடவினார், இரண்டாவதைத் தடவினார், வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "மேல பாத்தா தெரியல. ஆனா மரம் இன்னும் காயலப்பா. இன்னைக்கு வெட்டு இல்ல, போங்க" என்றார். இடுப்பில் படங்குச்சாக்கைக் கட்டியிருந்த பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே அதை அவிழ்த்தார்கள். நாற்பது வீட்டுப் பேரை நான் இரண்டு குடம் தண்ணீரில் அழித்துவிட்டேன். அம்மா வெறும் வாளிகளைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்; பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினார்.

பகல் குருவிட்டப் பக்கத்து மைதானத்தில், இரண்டு வருடமாகத் தோற்காத ஒரு அணியை எங்கள் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். அண்ணன் போட்ட ஒவ்வொரு பந்தும் கம்பைத் தேடிக்கொண்டு வந்தது. சுனில் அடித்த ஒன்று தென்னை மரங்களைத் தாண்டி வயலில் விழுந்தது. அவர் ஓடாமல் நடந்தே சுற்றி வந்தார். அண்ணன் என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றினார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கொழும்புக்காரர் வந்தார். "ரெண்டு கெழம பொறுத்துப் போறேம்மா, பைனல் மட்டும் முடிஞ்சிரட்டும்" என்று அண்ணன் கேட்டார். அவர் அம்மாவிடம் எதையாவது கேட்டு நான் அறிந்தது அந்த ஒருமுறைதான். "ஒன் வெளையாட்டு ஒலையில அரிசி போடுமாடா?" என்று அம்மா கத்தினார்; கத்திவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். மரத்தில் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று பிற்பாடு பலதடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு ஒருநாளும் ஆறுதலாக இருந்ததில்லை.

இறுதிப்போட்டி நாளன்று, நான் வேண்டாமலே, விடியலில் மழை கொட்டிப் பத்து மணிக்கு விட்டது. ஆட்கள் எல்லாரும் ஓய்வெடுத்து, தெம்பாகத்தான் இறங்கினார்கள். பந்து போட வேறொருவர் நின்றார். பாவம், அவர் மேல் குற்றமில்லை. ஒன்று தலைக்கு மேலே போனது, ஒன்று முழங்காலுக்கு வந்தது. மூன்று மூன்று பந்தாக எங்கள் அடிகாரர்கள் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினார்கள். சுனிலும் அப்படித்தான் திரும்பினார். ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம். வேலியோரம் நான் விம்மி விம்மி அழுவதைக் கண்டு சுனில் வந்து பக்கத்தில் குந்தினார். "அழ வேணாம் நங்கி. சந்திரன் மல்லி இல்லாம வெறுங் கம்பு என்ன செய்யும்?" என்றார். நங்கி, அதாவது தங்கச்சி என்று கூப்பிட்டு, அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது.

அடுத்த வருடம் அணி இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் பையன்கள் கொழும்புக்கு இறங்கிவிட்டார்கள். அண்ணன் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, பிறகு ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றார். தீபாவளிக்கு வருவார், மைதானத்துப் பக்கம் போகமாட்டார். யுத்தம் முற்றிய நாட்களில் அம்மா மூன்றே நாள் காய்ச்சலில் படுத்தார். "சந்திரன் வந்துட்டானா" என்று ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் கேட்டார். கொழும்பில் அண்ணன் தங்கியிருந்த அறையைப் பொலிஸார் சோதனை போட்டு, தமிழ்ப் பையன்கள் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் விடுபட்டு வந்து சேர்ந்தபோது அம்மாவைப் புதைத்து இரண்டு நாளாகியிருந்தது. மண்மேட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அழவில்லை. மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டார்.

நான் இப்போது பலாங்கொடையில் குடும்பமாக இருக்கிறேன். சென்ற தைப்பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தார், மீசையும் நரைத்துவிட்டது. தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவரே கேட்டதால் இருவரும் போனோம். கீழ் டிவிசனில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எங்கு பார்த்தாலும் பாமாயில் எடுக்கும் முள்ளுத்தேங்காய் மரங்கள். பிரட்டுக்களம், பீலி, நாங்கள் விளையாடிய மேடு எல்லாவற்றுக்கும் மேலே அவையே நிற்கின்றன. லயத்தில் பாதி இடிந்து கிடக்கிறது. எங்களை அடையாளம் தெரிந்தவர் யாரும் அங்கே இருக்கவில்லை.

அந்த மூன்று மரங்கள் நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றிய ஓரிடத்தில் நின்று, இத்தனை வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு மழை பெய்யல. நான்தான் மரத்துல தண்ணி ஊத்துனேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும் பாப்பா," என்றார். "மூஞ்சி கழுவ எறங்குனேன், பாத்தேன். கங்காணிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெட்டு வச்சிருப்பாரு. பேரும் விழுந்திருக்கும், நானும் போயிருக்க மாட்டேன். எனக்கும் அந்த மேச் வெளையாடணும்போல இருந்துச்சு, சொல்லாம விட்டுட்டேன்."

பிறகு அவரே, "அன்னைக்கு எத்தன ரவுண்டு எடுத்தோம், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"ஏழு" என்றேன்.

"ஏழுதான்," என்றார் அண்ணன். அம்மாவின் மண்மேட்டுக்கு முன்னால் அழாத மனுஷர், அந்த முள்ளுத்தேங்காய் மரத்தடியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதார்.