பின்பக்கத்திலிருந்து பாய்ந்த கத்தி

ஸிடோனி லெக்கேனின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. பிரான்சின் துறைமுக நகரமான ல ஆவ்ரின் மீன் சந்தையில் காரணம் கேட்பவர்களிடம், "எம் புருஷன் வரைஞ்ச படத்துல கை வெச்சேன், கடிச்சிருச்சு" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சொன்னது ஏறக்குறைய உண்மைதான்.

அவள் பிறந்தது 1899இல், ஃபெகானில், மீனைப் புகையில் வாட்டும் குடும்பத்தில். 1924இல் ஓவியன் அர்மோனை மணந்தாள். மூன்று ஆண்டுகள் கழித்து ஒடில் பிறந்தாள். அந்தக் காலத்தில் அர்மோன் தீட்டியதெல்லாம் துறைமுகம்தான்: சாம்பல் நிறக் கடல், ஈரமான படிக்கட்டுகள், நங்கூரமிட்ட கப்பல்கள். துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடிப்பதும் பசை பூசுவதும் ஸிடோனியின் வேலை. எல்லாம் ஒரே அளவு, 92 சென்டிமீட்டருக்கு 73. காய்ந்த படங்களை முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைப்பார்கள். சட்டத்தின் பின்கட்டையில் படத்தின் பெயரும் ஆண்டும் கரியால் எழுதியிருக்கும். அந்த எழுத்தைப் பார்த்தே படத்தை எடுப்பது வழக்கம்.

1944 செப்டம்பர் 5ஆம் தேதி மாலை நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. ஸிடோனி மேட்டுப்பகுதியில் ரொட்டி வரிசையில் நின்றாள். ஒடில் கீழே, வீட்டு நிலவறையில் இருந்தாள். மூன்றாம் நாள் அர்மோன் இடிபாட்டைக் கையால் தோண்டி மகளை எடுத்தான். முகம் இல்லை. காலணியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். வீட்டோடு புகைப்படங்களும் எரிந்துபோயின. மேட்டில் இருந்த ஓவியக்கூடம் தப்பியது. அங்கே ஒடிலின் பதினோராம் வயதில், 1938இல், அர்மோன் தீட்டிய படம் இருந்தது. அவளுடைய முகம் உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றில்தான்.

அதற்குப் பிறகு அர்மோன் தூரிகையைத் தொடவில்லை. தாரும் மணலும் செங்கல் தூளும் குழைத்து, கொத்தனார் கரண்டியால் துணியில் அறைந்தான். பிடிக்காததைக் கத்தியால் கிழித்தான். 1945 அக்டோபரில் ஒருநாள் குடித்துவிட்டுக் கத்தினான்.

"அவ சிரிக்கிறாடி அந்தப் படத்துல! பொய்! எரிச்சுடுறேன் பாரு!"

"அதத் தொட்டா உன் கைய வெட்டிருவேன்."

மறுநாள் அவன் வெளியே போனதும் ஸிடோனி இரண்டு படங்களின் ஆணிகளைப் பிடுங்கினாள். ஒடிலின் துணியை 'துறைமுகம், 1936' என்று எழுதிய சட்டத்தில் அடித்தாள். துறைமுகத் துணியை 'ஒடில், 1938' சட்டத்தில் அடித்தாள். துறைமுகப் படங்கள் பதினொன்றையும் பாரிஸ் வியாபாரி ஒருவர் கேட்டிருந்தார். விலை பேசிய படத்தை அர்மோன் தொடமாட்டான் என்பது அவள் கணக்கு. வியாபாரி வருவதற்குள் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

அவர் சொல்லாமல் வந்தார். 1946 மார்ச் 14, மதியம் இரண்டு மணி. பெயர் கலெத். புதிய தார்ப் படங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மொஸ்யே லெக்கேன், ரோடு போட ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ரோடுதான். உங்க காரு போகாது."

கலெத் முன்வரிசையில் இருந்த ஒரு துறைமுகப் படத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது போதும் எனக்கு. என்ன அமைதி! சனங்க இப்போ தேடுறது இந்த அமைதியத்தான்."

அர்மோன் அவரைக் கழுத்துப்பட்டையோடு பிடித்துத் தூக்கிப் படிக்கட்டில் தள்ளினான். உதடு கிழிந்து ரத்தம் சொட்ட, அவர் தொப்பியை விட்டுவிட்டு ஓடினார். ஸிடோனி அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் தெருமுனைவரை போனாள்.

திரும்பி வரும்போதே துணி கிழியும் சத்தம் கேட்டது. அர்மோன் துறைமுகங்களை வெட்டிக்கொண்டிருந்தான். பழைய படங்களை நேருக்கு நேர் பார்த்து வெட்ட அவனால் முடியாது. பின்கட்டை எழுத்தைப் படித்து, முதுகுப் பக்கமாகக் கத்தியைச் செருகி இழுப்பான். பத்து படங்கள் தரையில் குடல் சரிந்தாற்போல் கிடந்தன. 'ஒடில், 1938' என்ற சட்டத்தை மட்டும் தனியாக எடுத்து, முகத்தைப் பார்க்காமல், தன் கோட்டால் போர்த்திக் கதவுக்கு வெளியே வைத்திருந்தான்.

ஸிடோனி கோட்டை விலக்கிச் சட்டத்தின் எழுத்தைப் படித்தாள். உள்ளே பாய்ந்தாள். பதினோராவது சட்டம் அவன் கையில் இருந்தது. ஒடிலின் இடது கன்னத்தைத் துளைத்துக்கொண்டு கத்தி முனை வெளியே வந்து, கீழ்நோக்கி இறங்கியது. ஸிடோனி வெறுங்கையால் அலகைப் பிடித்தாள்.

"விடுடி! துறைமுகம்தானே!"

அவள் விடவில்லை. அவன் இழுத்தான். எலும்பில் கத்தி உரசியது.

"திருப்பிப் பாருடா," என்றாள். "அறிவுகெட்டவனே, முன்பக்கம் திருப்பிப் பாரு."

அவன் திருப்பினான். அவளுடைய ரத்தம் மகளின் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. வெட்டு கன்னத்தில் தொடங்கி வாயோரத்தில் நின்றிருந்தது. அவன் சுவரில் தலையை மோதினான், மூன்று முறை. நான்காவது முறை அவள் இடது கையால் அவன் முடியைப் பிடித்து நிறுத்தினாள்.

மருத்துவர் அவள் கையில் ஒன்பது தையல் போட்டார். ஒடிலின் கன்னத்தை அர்மோன் கப்பல் பாய் தைக்கும் நூலால் பதினான்கு தையல் போட்டுத் தைத்தான். வாய் தப்பியதால் சிரிப்பு அப்படியே இருந்தது.

வெட்டித் தைத்த துணிகளால்தான் அர்மோன் லெக்கேன் பின்னால் பெயர் வாங்கினான். 1952இல் பாரிஸில் பதினேழு படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். பதினெட்டாவதாக ஒடிலைக் கேட்டபோது ஸிடோனி தரவில்லை. அது இன்றும் அவர்கள் சமையலறையில், அடுப்பிலிருந்து தள்ளி, இருக்கிறது.

1946 மார்ச்சுக்குப் பிறகு அவன் எந்தத் துணியையும் முதுகுப் பக்கமாக வெட்டியதில்லை. வெட்டவேண்டிய ஒவ்வொன்றையும் முகம் தெரியத் திருப்பி வைப்பான். ஸிடோனியைக் கூப்பிடுவான். அவள் வந்து பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கத்தியை எடுப்பான்.