தராசுத் தட்டின் அடியில்

நோர்வேயில், ஹவுகெட்டோவில் எங்கள் வரிசை வீட்டின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சாமான் அறை இருந்தது. மற்றக் குடும்பங்கள் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளை அடுக்கினார்கள். நான் தோட்டா நிரப்பினேன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் திரும்ப வடிவாக்கி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, நுனியில் புதுக் குண்டைப் பொருத்தும் வேலை. போருக்குத் தப்பி ஓடிவந்தவன் பதினேழு வருடம் கழித்துத் தேடிக்கொண்ட பொழுதுபோக்கு இது. அதிலுள்ள வேடிக்கை எனக்கும் தெரியும். தெரியாமல் போய்விடுமோ என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் சொல்லிக் காட்டினார்கள்.

காரணம் என் மேலாளர். ட்ராம் பட்டறையில் எனக்கு மேலே இருந்த அந்த நோர்வேக்காரர் ஓர் எல்க் மான் வேட்டைக் குழுவுக்கும் தலைவர். காட்டில் ஒவ்வொருவருக்கும் காத்திருக்க ஓர் இடம் உண்டு. நாலாம் இடத்துக்காரர் முழங்கால் வலியால் விலகிவிட, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வருகிறாயா என்று என்னைக் கேட்டார். இந்த நாட்டில் அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்தது. கேட்காமலே ஓர் இடத்தை யாரும் நீட்டியதில்லை. அந்த நாலாம் இடம் எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிகவும் வேண்டும்.

வேட்டைக்காரர் படிப்பையும் அரசாங்கச் சோதனையையும் முடித்தேன். ஆனால் தலைவருக்கு அரசாங்கத்தின் குறி வட்டம் பெரிதாகப் பட்டது. அவர் நூறு மீற்றரில் ஒரு கோப்பித் தட்டளவு காகிதத்தை ஒட்டுவார். ஐந்து குண்டும் அதற்குள் விழ வேண்டும், தோட்டாவும் சுடுபவர் தானே நிரப்பியதாக இருக்க வேண்டும். கையில் இருப்பதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதவனை அவர் காட்டுக்குள் கூட்டிப்போவதில்லை.

என் மனைவி அந்தச் சாமான் அறைக்குள் வருவதில்லை. அவளுடைய தம்பியைப் போரில் ஒரு துவக்குச் சூடு கொண்டுபோனது. யாருடைய துவக்கு என்று நாங்கள் கதைப்பதில்லை. அவள் எனக்கு வைத்த நிபந்தனை ஒன்றுதான்: துவக்கு அவள் கண்ணில் படக்கூடாது. அதனால் இரும்புப் பெட்டியிலிருந்து துணி உறைக்கும், உறையிலிருந்து காருக்கும் கடத்தல்காரனைப்போலக் கொண்டுதிரிந்தேன்.

ஓகஸ்டில் கோப்பித் தட்டுக்கு முன்னால் நின்றேன். மூன்று குண்டு உள்ளே, இரண்டு தாழ. அடுத்த கிழமை இரண்டு உள்ளே, மூன்று தாழ. கடைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் ஐந்தும் ஒழுங்காக நடுவில் போய்க் குந்தின. ஆகவே துவக்கில் பிழையில்லை, என் கண்ணிலும் பிழையில்லை. நான் நிரப்பியதில்தான் பிழை. தலைவர் வரும் சனிக்கிழமை வரை தவணை தந்தார். இடத்தைக் கேட்டு இன்னொருவர் காத்திருப்பதையும் கோபமில்லாமல் சொன்னார். நோர்வேக்காரர் கோபமில்லாமல் சொன்னால் அது முடிந்த முடிவு.

அந்தக் கிழமை முழுக்க அறையோடு சண்டை பிடித்தேன். மேசை ஆடுகிறதென்று காலுக்கு அட்டை வைத்தேன். காற்று தராசை அசைக்கிறதென்று காற்றுத் துளையைப் பழைய பெனியனால் அடைத்தேன். தோட்டா நிரப்பும் இயந்திரத்தைத் திருகு திருகாகக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் ஒரு திருகு மிஞ்சியது. அது எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது. பிழை மட்டும் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம், மானத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலைவரையே வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

வந்தவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அறைக்குள் குனிந்து நுழைந்தார். தராசைப் பூச்சியத்துக்குச் சரிபார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றேன். எப்போது என்றார். வாங்கிய அன்று, போன செப்டெம்பரில் என்றேன். தட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கவிழ்த்தார்.

அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் சிவப்பு. ஒரு பக்கம் உதிர்ந்துபோயிருந்தது. துருவா என்று கேட்டு நகத்தால் சுரண்டினார். எனக்குச் சந்தனத்தின் வாசம் வந்தது. இதனால் தட்டின் பாரம் கூடி, நான் போட்ட மருந்து குறைந்திருக்கிறது. உதிர உதிர ஒவ்வொரு முறையும் வேறு அளவு.

தேத்தண்ணியோடு வந்த மனைவி கதவுக்கு வெளியிலேயே நின்றாள். அவர் கையிலிருந்த தட்டைக் கண்டதும் கேட்காமலே சொன்னாள்.

"நான்தான் வைச்சனான். சரஸ்வதி பூசைக்கு தையல் மெசின், கத்தரிக்கோல், கார் எல்லாத்துக்கும் வைச்சன். உங்கட சாமானுக்கு மட்டும் வைக்காமல் விட மனம் வரேல்லை. உள்ளுக்கை மருந்து போடுறனீங்கள் எண்டு அடியிலை வைச்சன்."

"துவக்குக்கும் வைச்சனீரோ?"

"அதைத் தொட எனக்கு ஏலாது. தராசு எண்டால் தராசுதானே. அது வெடிச்சு உங்கட கண்ணிலை கிண்ணிலை பட்டிடக் கூடாதெண்டுதான்."

பத்து மாதமாக, வரமாட்டேன் என்ற அறைக்குள் அவள் வந்துபோனது தெரியாமல் அந்தப் பொட்டை நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தலைவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் மனைவி ஒருநாளும் தன் தராசுக்கு எதுவும் செய்ததில்லை என்றார். மனைவி தட்டை வாங்கிக் குசினியில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். சனிக்கிழமை ஐந்தும் கோப்பித் தட்டுக்குள் விழுந்தன. தலைவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டார். பாராட்டு அவ்வளவுதான்.

வேட்டை தொடங்கிய நாள் விடிய, துவக்கை உறையோடு நடையில் சாத்திவிட்டுக் காரில் சாமான் ஏற்றினேன். திரும்பி வந்தபோது மனைவி குசினியில் எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாணைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

காட்டில் நாலாம் இடத்துக்குப் போய் உறையைத் திறந்தேன். துவக்கின் மரப்பிடியில், நிறுவைக்கு ஒரு கெடுதியும் செய்யாத இடத்தில், ஈரம் காயாத சந்தனப் பொட்டு.